சாத்தன் எங்கே போனான்?

பழைய இலக்கண உரைகளைப் புரட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு மனிதன் பழக்கமாகிவிடுவான். இளம்பூரணர் உரையில் வருவான், சேனாவரையர் உரையில் வருவான், நன்னூலுக்கு எழுதப்பட்ட உரைகளிலும் வருவான். வினைமுற்றுக்குச் சான்று வேண்டுமென்றால் சாத்தன் வந்தான். உடைமைப் பொருளுக்குச் சான்று வேண்டுமென்றால் சாத்தனது ஆடை. உண்பதும் உறங்குவதும் நடப்பதும் அவன்தான். கூடவே கொற்றன் என்றொரு தோழன். வடமொழி இலக்கணத்தில் தேவதத்தனும், அரபு இலக்கணத்தில் ஸைதும் அம்ரும் பார்க்கிற வேலையைத் தமிழில் இந்த இருவரும் பார்த்தார்கள்.

எடுத்துக்காட்டுக்கு வைக்கிற பெயருக்கு ஒரு தகுதி வேண்டும். அது ஊரில் எந்தப் பையனுக்கும் இருக்கக்கூடிய பெயராக இருக்க வேண்டும். கேட்கிற மாணவனின் கவனம் பெயரில் சிக்கிக்கொள்ளாமல் நேரே இலக்கணத்துக்குப் போய்விட வேண்டும். தமிழ் பேசிய நிலத்தில் பல நூற்றாண்டுகள் சாத்தனுக்கு அந்தத் தகுதி இருந்தது. இப்போது பள்ளி இலக்கணத்தில் கண்ணன் வருகிறான், முருகன் வருகிறான். சாத்தனைக் காணோம். வருகைப் பதிவேட்டிலும் காணோம். ஒரு மொழி தன் சராசரி மனிதனுக்கு வைத்திருந்த பெயரையே தொலைத்துவிட்டது சின்ன விஷயமாக எனக்குப் படவில்லை.

சங்கப் பாடல்களின் காலத்தில் இந்தப் பெயர் எத்தனை பரவலாக இருந்தது என்பதைப் புறநானூறு ஒன்றை வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம். பாண்டியன் கீரஞ்சாத்தன் என்று ஒரு தலைவன். பிடவூர் கிழார் மகன் பெருஞ்சாத்தன் என்று ஒரு வள்ளல். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் என்று, நலங்கிள்ளிக்கு நிலையாமையை எடுத்துச் சொன்ன புலவர். ஒக்கூரில் மாசாத்தனார் இருந்தார், மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவரும் இருந்தார். தந்தையும் கணவனும் போரில் விழுந்த பிறகும் தன் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பும் தாயைப் பாடியவர் இந்த மாசாத்தியார்தான். அரச குடியிலும் வேளிர் வீட்டிலும் வணிகர் தெருவிலும் புலவர் கூட்டத்திலும் ஒரே பெயர் புழங்கியிருக்கிறது. பிற்காலத்தில் சாதிக்கொரு பெயர், குலத்துக்கொரு பெயர் என்று பிரிந்துபோன நாட்டில் இது கவனிக்க வேண்டிய செய்தி.

இவர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் சாத்தந்தையார். சாத்தன் தந்தை என்பது புணர்ந்து சாத்தந்தை ஆகும். ஆதன் தந்தை ஆந்தை ஆனதும் பூதன் தந்தை பூந்தை ஆனதும் இதே வகை. பிசிராந்தையாருக்குள் ஆதன் என்றொரு பிள்ளை ஒளிந்திருப்பது போல இவருக்குள் ஒரு சாத்தன் ஒளிந்திருக்கிறான். போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போரைப் பாடிய இந்தப் புலவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எதுவோ, அது நிற்கவில்லை. மகனுக்கு அவர் வைத்த பெயர்தான் நின்றது. இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் ஒரு மனிதரை அவர் பிள்ளையின் பெயரால் மட்டுமே அறிகிறோம்.

ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய பாட்டு புறநானூற்றில் 242ஆம் பாட்டாக இருக்கிறது. சில வரிகள்தான். இளைஞரும் சூடாத, மகளிரும் பறிக்காத, பாணனும் பாடினியும் தொடாத முல்லையைப் பார்த்து, சாத்தன் செத்த பிறகு உனக்குப் பூக்க எப்படி மனம் வந்தது என்று கேட்கிறார். அந்த நாட்டில் அன்று முல்லைக்கே இழிவு. தமிழில் ஒரு ஆண்பிள்ளைப் பெயர் இதைவிடத் துயரத்தோடு உச்சரிக்கப்பட்டதில்லை என்று நான் நினைக்கிறேன்.

பெயரின் வேர் எது என்பதில் இரண்டு வழக்கு உண்டு. சாத்து என்றால் வணிகர் கூட்டம். பொதிமாடுகளோடும் காவலர்களோடும் நெடுவழியில் கூட்டமாகச் செல்கிறவர்கள். கோவலனின் தந்தை மாசாத்துவான் என்ற பெயர் அந்தத் தொழிலைச் சொல்கிறது. கண்ணகியின் தந்தை மாநாய்கன் கடலில் வணிகம் செய்தவர். மாசாத்துவான் தரைவழி வணிகர் தலைவர். சாத்தன் அந்தச் சாத்திலிருந்து வந்தவன் என்பது ஒரு வழக்கு. ஆசான், நெறிப்படுத்துகிறவன் என்ற பொருள் தரும் சாஸ்தா என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் என்பது மற்றது.

இரண்டில் எது சரி என்று அறிஞர்கள் வாதாடியிருக்கிறார்கள். பாலி மொழிப் பக்கம் திரும்பிப் பார்த்தால் அந்த வாதத்தின் வேகம் குறைந்துவிடுகிறது. பாலியில் வணிகக் கூட்டமும் சத்த, ஆசானாகிய புத்தரும் சத்தா. ஈற்றில்தான் வேறுபாடு. அதற்கு மேல், வணிகக் கூட்டத்தை வழிநடத்துகிறவன் என்று பொருள்படும் சத்தவாஹன் என்பதையே புத்தருக்கு அடைமொழியாகவும் சொன்னார்கள். ஆபத்தான வழியில் கூட்டத்தைக் கரைசேர்க்கிறவனே ஆசான். மணிமேகலையைப் பாடிய சீத்தலைச் சாத்தனார் மதுரைக் கூலவாணிகர், தானியம் விற்றவர். பௌத்த அறத்தைத் தமிழில் காப்பியமாக்கியவரும் அவரே. பெயரின் இரண்டு வேரும் அந்த ஒரு மனிதரிடத்தில் சேர்ந்து நிற்கின்றன. மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட பௌத்தமும் தமிழும் நூலில், சாத்தன் என்பது புத்தருக்குரிய பெயர் என்றும் பழைய பௌத்தக் கோயில்கள் பல ஐயனார் கோயில்களாக மாறின என்றும் வாதிட்டார். எல்லா ஐயனாரும் புத்தர் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெயர் அந்த வழியாகவும் நடந்து வந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

வணிகர் பெயர் என்பதற்கு நல்ல சாட்சி தமிழ்நாட்டுக்கு வெகு தொலைவில் கிடைத்தது. எகிப்தில் செங்கடல் ஓரம் குசைர் அல்-கதீம் என்ற இடத்தில், ரோமர்களின் மையோஸ் ஹோர்மோஸ் துறைமுகம் இருந்த மண்ணில், 1978இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமியில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கணன், சாதன் என்று படித்தார். சாதன் என்பது நம் சாத்தன். இரட்டிக்க வேண்டிய மெய்யை ஒற்றையாக எழுதுவது அந்த எழுத்தில் உண்டு. முதல் நூற்றாண்டை ஒட்டி ஒரு தமிழன் பாலைவனக் கரையில் தன் பானை இன்னொருவன் பானையோடு கலந்துவிடக் கூடாதென்று தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். அம்மா கூப்பிட்ட பெயரை அவன் அத்தனை தூரம் சுமந்து போயிருக்கிறான்.

சாத்தன் சாமியின் பெயரும்தான். நிகண்டுகள் ஐயனாருக்குச் சாத்தன் என்றும் பெயர் சொல்கின்றன. சிவனுக்குச் சாத்தன் மகன் என்று அப்பர் பாடியிருக்கிறார். இந்தச் சாமியைப் பற்றித் தமிழில் கிடைக்கும் பழைய கதை சிலப்பதிகாரத்தில், கனாத்திறம் உரைத்த காதையில் இருக்கிறது. கண்ணகியின் கனவுக்காக அந்தக் காதையைப் படிக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நின்று படிக்க வேண்டிய இடம் அது.

புகார் நகரத்தில் மாலதி என்ற பெண் தன் மாற்றாளின் குழந்தைக்குப் பால் ஊட்டுகிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துபோகிறது. வேண்டுமென்று கொன்றாள் என்றல்லவா ஊர் சொல்லும்? பிணத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாக ஓடுகிறாள். ஒரு சாமியும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பாசண்டச் சாத்தன் கோயிலில் போய் விழுகிறாள். அங்கே பெண்ணுருவில் வந்த ஒரு பேய் குழந்தையின் உடலைப் பறித்துத் தின்றுவிடுகிறது. கையில் பிணமும் இல்லாமல் அலறுகிறவளுக்கு, நீ போகும் வழியில் குழந்தையை உயிரோடு காண்பாய் என்று சாத்தன் சொல்கிறான். சொன்னபடி தானே குழந்தையாகிக் கிடக்கிறான். மாலதி எடுத்துக்கொண்டு போய்ப் பெற்றவளிடம் கொடுத்துவிடுகிறாள்.

ஒரு தாயின் பழியைத் துடைப்பதோடு அவன் போய்விடவில்லை. அந்த வீட்டுப் பிள்ளையாகவே வளர்கிறான். படிக்கிறான். பெற்றவர்கள் இறந்தபோது செய்ய வேண்டிய கடன்களைச் செய்கிறான். தாயத்தாரோடு சொத்து வழக்கு வந்தபோது அதையும் தீர்க்கிறான். தேவந்தி என்ற பெண்ணை மணந்து எட்டு ஆண்டு வாழ்கிறான். பிறகுதான் தான் யார் என்று அவளுக்குக் காட்டிவிட்டு, என் கோயிலுக்கு வா என்று சொல்லி நீங்குகிறான். ஊருக்கு என்ன சொல்வது? கணவன் தீர்த்தமாடப் போயிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு தேவந்தி அவன் கோயிலில் வழிபட்டுக் கிடக்கிறாள். அவள்தான் கண்ணகியின் தோழி.

அசுரனை அழிக்க அவதரித்த தெய்வங்கள் நமக்கு நிறைய உண்டு. செத்துப்போன ஒரு குழந்தையின் இடத்தை நிரப்புவதற்காக, இரண்டு தாய்மாருக்காக, ஒரு சாமானியனின் முழு வாழ்க்கையையும் வாழ்ந்து முடித்த தெய்வம் இந்தச் சாத்தன். ஒரு ஆண்குழந்தைக்குப் பெயர் தேடுகிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறு எங்கே கிடைக்கும்?

கல்வெட்டுக் காலத்திலும் பெயர் கம்பீரமாகவே இருந்தது. 773இல் திருப்பரங்குன்றத்தில் பாண்டியனின் உயர் அதிகாரி ஒருவர் திருப்பணி செய்தார். சாத்தன் கணபதி என்று கல்வெட்டு அவரைச் சொல்கிறது. அவர் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டை என்ற தெய்வத்துக்கும் கோயில் எடுப்பித்தார். உரையாசிரியர்களின் சாத்தனும் கொற்றனும் ஒரே குடும்பத்தில் கணவன் பெயரிலும் மனைவி பெயரிலும் வந்து நிற்பதைப் பார்க்கும்போது, அந்த எடுத்துக்காட்டுகள் ஏட்டில் மட்டும் வாழ்ந்தவை அல்ல என்பது உறுதியாகிறது. நார்த்தாமலையில் பழியிலி ஈசுவரம் என்ற குடைவரையைச் செய்வித்தவர் முத்தரையர் குடியின் சாத்தன் பழியிலி. பழி இல்லாதவன் என்பது எத்தனை அழகான பெயர், அதுவும் போயிற்று. திருமூலர் புகுந்த மூலனின் ஊர் சாத்தனூர். தென்பெண்ணையில் அணை கட்டியதும் ஒரு சாத்தனூர். சாத்தான்குளம் என்று கேட்டதும் வெளியூர்க்காரர்கள் பேயின் குளம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாத்தன் பெயரால் அமைந்த குளம் என்று கொள்வதே முறை.

மலையைத் தாண்டிய பிறகு பெயருக்கு வேறு வாழ்க்கை அமைந்தது. பறையி பெற்ற பன்னிரு குலம் என்று கேரளத்தில் ஒரு கதை. வரருசிக்கும் பறைச்சிக்கும் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகள் வெவ்வேறு சாதிகளில் வளர்கிறார்கள். அவர்களில் ஒருவன் அகவூர் சாத்தன். இன்னொருவன் உப்புக்கொற்றன். இங்கும் அதே இரட்டையர்! சாத்தன் ஒரு நம்பூதிரியிடம் வேலைக்கு இருந்தான். பரப்பிரம்மம் எப்படி இருக்கும் என்று ஒருநாள் எஜமானரிடம் கேட்டான். நம் எருமைக்கடா மாதிரி இருக்கும் என்று அவர் அலட்சியமாகச் சொல்லிவைத்தார். சாத்தன் அதை அப்படியே நம்பித் தியானித்தான். பிரம்மம் எருமைக்கடாவாகவே வந்து அவனோடு நடந்தது. பயணத்தில் ஒரு குறுகிய வாசலில் கொம்பு இடிக்க, தலையைச் சாய்த்துக்கொண்டு வா என்று அவன் பின்னால் திரும்பிச் சொன்னபோதுதான், தனக்கு வாய்க்காதது வேலைக்காரனுக்கு வாய்த்திருக்கிறது என்று நம்பூதிரிக்குப் புரிந்தது.

இந்தக் கதைக்குள்ளேயே சாத்தனின் படி இறங்கிவிட்டதைப் பார்க்கலாம். ஞானம் அவனிடம் இருக்கிறது, ஆனால் அவன் ஏவலாள். பிறகு கேரளத்தில் இந்தப் பெயர் புலையர் முதலான ஒடுக்கப்பட்ட மக்களிடமே பெரிதும் தங்கியது. மறுபக்கம் குட்டிச்சாத்தன் என்ற ஏவல் தெய்வமானது. வடகேரளத்தின் தெய்யம் என்ற சடங்கு ஆட்டத்தில் குட்டிச்சாத்தன் ஒரு நம்பூதிரி இல்லத்தில் வளர்ந்த அடங்காத சிறுவன். ஆசானைக் கொன்றான், அதற்காக அவனைத் துண்டு துண்டாக வெட்டி நெருப்பில் போட்டார்கள், அந்த நெருப்பிலிருந்து நூற்றுக்கணக்கான சாத்தன்கள் எழுந்தார்கள் என்று தெய்யப் பாட்டுகள் சொல்கின்றன. புகாரில் இறந்த குழந்தைக்காகக் குழந்தையானவன், இங்கே வெட்டப்பட்ட குழந்தையாகிறான். அடங்க மறுத்த சிறுவனை வெட்டிய குற்றத்தை அந்த ஆட்டம் ஆண்டுதோறும் ஊரின் முன் நிறுத்துகிறது என்றே நான் வாசிக்கிறேன்.

1957இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கேரளத்தின் முதல் அமைச்சரவை பதவியேற்றபோது அதில் பி. கே. சாத்தன் மாஸ்டர் இருந்தார். புலையர் மகாசபையின் தலைவர், பொதுவுடைமைக்காரர், உள்ளாட்சித் துறை அமைச்சர். நம்பூதிரியிடம் வேலைக்கு இருந்து எருமையோடு நடந்த சாத்தனின் பெயர், நம்பூதிரிபாடு முதல்வராக இருந்த அமைச்சரவையில் சரிசமமாக உட்கார்ந்தது. இந்தப் பெயரின் வரலாற்றில் ஒல்லையூர்ப் பாட்டுக்கு அடுத்தபடி நான் வைப்பது இதைத்தான்.

தமிழ்நாட்டில் பெயருக்கு வந்த கேடு வேறு வழியில் வந்தது. விவிலியம் தமிழாகியபோது, எதிரி, குற்றம் சாட்டுகிறவன் என்று பொருள்படும் எபிரேயச் சொல் சாத்தான் என்று தமிழ் எழுத்தில் இறங்கியது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒலி ஒத்துப்போனது தற்செயல். ஆனால் தெருக்கோடியில் குதிரை மேல் உட்கார்ந்து ஊரைக் காத்தவன் பெயரும் நரகத்தின் அதிபதி பெயரும் ஒரு நெடில் அளவே விலகி நின்றன. மேற்கிலிருந்து குட்டிச்சாத்தானும் வந்து சேர, துடுக்குப் பையனைத் திட்டுகிற சொல்லாக அது வீட்டுக்குள் நுழைந்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் 1984இல் மலையாளத்தில் வெளியான மை டியர் குட்டிச்சாத்தன். அதில் மந்திரவாதியின் பிடியில் கிடக்கும் சாத்தனை விடுவித்துத் தோழனாக்கிக்கொள்கிறவர்கள் குழந்தைகள். பெரியவர்கள் பயந்த பெயருக்குக் குழந்தைகள் பயப்படவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இவை மட்டும் காரணமாக இருந்திருந்தால், இருபதாம் நூற்றாண்டில் தனித்தமிழ்ப் பெயர்கள் திரும்பி வந்தபோது சாத்தனும் வந்திருக்க வேண்டும். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். பாரி, ஓரி, அதியமான், செங்குட்டுவன், கரிகாலன் என்று வீடுதோறும் வேளிரும் வேந்தரும் பிறந்தார்கள். இரட்டைக் காப்பியங்களில் ஒன்றைப் பாடிய இளங்கோவின் பெயர் எத்தனையோ பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டது. மணிமேகலையின் பெயரைப் பெண்களுக்கு ஆசையாக வைத்தோம். அவளைப் படைத்தவரின் பெயரை ஒருவரும் தொடவில்லை. மதுரை எரிந்ததன் காரணத்தை, வெள்ளியம்பலத்தில் நள்ளிரவில் படுத்திருந்து தெய்வத்தின் வாயால் கேட்டு இளங்கோவுக்குச் சொன்னவர் சாத்தன் என்று சிலப்பதிகாரப் பதிகம் கூறுகிறது. அவர் கேட்டுச் சொல்லியிருக்காவிட்டால் அந்தக் காப்பியம் இல்லை. நாமோ அவரைப் பற்றிச் சீழ்த்தலைக் கதை கட்டினோம். பிழையான பாட்டைக் கேட்டால் எழுத்தாணியால் தலையில் குத்திக்கொள்வாராம், அதனால் தலையில் சீழ் பிடித்ததாம். சீத்தலை என்பது ஊர்ப் பெயர் என்று கொள்வதுதான் பொருத்தம்.

காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பெருமையை மீட்கப் புறப்பட்டபோது நாம் அரசர்களைத் தேடிப் போனோம். இளங்கோவும் சேரன் தம்பி என்பதால்தான் முன்வரிசையில் நின்றார். தானியம் விற்றவனின் பெயர், பானையில் கீறியவனின் பெயர், இலக்கணத்தில் வெறுமனே வந்தும் போயும் கொண்டிருந்தவனின் பெயர் நமக்குப் பெருமையாகத் தோன்றவில்லை. அந்தத் தேர்வு தவறு. ஒரு சமூகம் தன் வேந்தர்களின் பெயர்களை மட்டும் காப்பாற்றி வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக இருந்த பெயரைக் கைவிடுவது, தன்னில் பெரும்பாலோரைக் கைவிடுவதுதான்.

பெயர் முழுக்க அழிந்துவிடவில்லை. கடல் கடந்து வணிகம் செய்த நகரத்தார் சாத்தப்பன் என்று இன்றும் வைக்கிறார்கள். வணிகரிடம் அது எஞ்சியிருப்பது இயல்பு. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் சாத்தையாக்கள் இருக்கிறார்கள். தெற்கே பங்குனி உத்திரத்தன்று எங்கெங்கோ பிழைக்கப் போன குடும்பங்களெல்லாம் தங்கள் சாஸ்தாவைத் தேடித் திருநெல்வேலி, தூத்துக்குடிக் காடுகளுக்குள்ளும் தேரிகளுக்குள்ளும் வந்து பொங்கலிடுகின்றன. அங்கே பிறக்கும் பையனுக்குச் சாத்தன் என்று வைப்பதில்லை, அந்தச் சாத்தன் இருக்கும் கோயிலின் பெயரை வைக்கிறார்கள். தேரிக்குடியிருப்பின் ஐயனாரால் கற்குவேல். திருச்செந்தூர்ப் பக்கத்து ஐயனாரால் அருஞ்சுனைகாத்தான். பாபநாசம் மலைக்குள் காரையாற்றங்கரையில் இருக்கும் ஐயனாரால் சொரிமுத்து. சுனையைக் காத்தவன் என்று ஒரு பிள்ளைக்குப் பெயர் வைக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன என்பதே ஆறுதல். இந்தப் பெயர்களைத் தாங்கிய பையன்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ படிக்கப் போனதும் வெட்கப்பட்டுச் சுருக்கிக்கொள்வதைப் பார்க்கிறேன். கற்குவேல் என்று முழுதாகச் சொல்ல அவர்களுக்குத் தைரியம் கொடுக்க வேண்டியது அவர்களைக் கூப்பிடுகிற நாம்.

பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள் இப்போது எண்கணிதம் பார்க்கிறார்கள், நட்சத்திரத்துக்குரிய எழுத்தைப் பார்க்கிறார்கள், வாயில் நுழையாத ஒலிகளைக் கோத்துப் புதிதாக ஒன்றைச் செய்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகனுக்குச் சாத்தன் என்று வையுங்கள். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தால் மாலதியின் கதையைச் சொல்லுங்கள், ஒல்லையூர் முல்லையைச் சொல்லுங்கள், சாத்தன் மாஸ்டரைச் சொல்லுங்கள். அவன் பள்ளிக்குப் போகும் வயதில் பழைய இலக்கண உரை ஒன்றைத் திறந்து அவன் பெயரை அவனுக்குக் காட்டுங்கள்.